மணி அடிக்காத வீடுகள்

ஊரின் புதுக் குடியிருப்புகளில் அவரை எல்லோரும் ‘சத்தமில்லாதவர்’ என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு யாரோ வாயில்லாப் பூச்சி வரப்போகிறது என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாக ஏமாந்தார்கள். மனுஷர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். கழிவுத் தொட்டியின் மூடியை நெம்பித் திறப்பதற்குள் வீட்டுக்காரரின் ரத்த அழுத்தம், மகனின் படிப்பு, பக்கத்து வீட்டோடு இருக்கும் வேலித் தகராறு எல்லாவற்றையும் விசாரித்து, எல்லாவற்றுக்கும் யோசனையும் சொல்லி முடித்திருப்பார். வீட்டில் அவர் மனைவி, அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்காமலே “கேக்கறேங்க, சொல்லுங்க” என்று சொல்லப் பழகிவிட்டிருந்தாள். பட்டப்பெயர் அவருடைய வாய்க்கு வைத்ததல்ல, வேலைக்கு வைத்தது.

வேலை இதுதான். ஊர்ச் சாக்கடை எட்டிப் பார்க்காத அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டி. நிலம் பள்ளம். அதனால் தொட்டியில் தெளிந்த தண்ணீர் தானாக வெளியேறாது. பக்கத்தில் இருக்கும் குழியில் இறங்கி நிற்கும். அங்கிருந்து ஒரு பம்ப் அதை மேட்டில் இருக்கும் கொல்லை மண்ணுக்குத் தள்ளிவிட வேண்டும். குழிக்குள் மிதவைகள் தொங்கும். தண்ணீர் ஏறினால் ஒரு மிதவை பம்பை ஓடவைக்கும். அதையும் மீறி ஏறினால் மேலே இருக்கும் இன்னொரு மிதவை, வெளிச்சுவரில் பதித்த பெட்டியில் சிவப்பு விளக்கைப் போட்டு மணியை அடிக்கவைக்கும். மணி என்று பேர்தான், அடித்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். பம்பும் நின்று மணியும் அடிக்காமல் போனால், வீட்டிலிருந்து போனதெல்லாம் வீட்டுக்கே திரும்பி வரும். எந்த வழியாக என்று நான் விளக்கப்போவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களும் இருப்பார்கள்.

மற்ற எலக்ட்ரீஷியன்கள் வேலை பார்த்த வீடுகளில் அந்த மணி அவ்வப்போது அலறும். வீட்டுக்காரர் கைலியோடு ஓடிவந்து பெட்டியைத் தட்டுவார், பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து முறைப்பார். சத்தமில்லாதவர் கைவைத்த வீடுகளில் மட்டும் அந்தத் தொல்லை கிடையாது. காரணம் இல்லாமல் இல்லை. வருஷம் தவறாமல் வந்து மூடியைத் திறந்து, மிதவைகளைக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவுவார். மேல் மிதவையைக் கையால் தூக்கிப் பிடிப்பார். மணி அடிக்கும். “கேட்டீங்களா? இனி அடிக்காது, நிம்மதியா இருங்க” என்பார். அவர் சொன்னபடியே அடிக்காது.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மற்றவர்கள் பம்புக்கு ஒரு ஒயர்க்குழாய், மணிக்கு ஒரு குழாய் என்று சுவரை அலங்கோலம் பண்ணுகிறார்கள் என்பது அவர் கட்சி. அவர் ஒரே பிரேக்கரிலிருந்து, அதாவது கரண்டு மிஞ்சினால் தானாக விழும் சுவிட்சிலிருந்து, ஒரே குழாயில் இரண்டுக்கும் ஒயரை இழுத்துவிடுவார். பார்க்க லட்சணமாக இருக்கும். படிக்கிற உங்களுக்கு இங்கேயே பொறி தட்டியிருந்தால் தயவுசெய்து வாயைத் திறக்காமல் கூடவே வாருங்கள். அவருக்கு அத்தனை வருஷமாகத் தட்டவில்லை.

ஊரே மெச்சினாலும் அவர் ஏங்கியது ஒரே ஒருவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வருவதற்காக. அந்த ஒருவர் அவருடைய மாமனார். துணிக்கடை வைத்து, துணியோடு சேர்த்து அபிப்பிராயங்களையும் விற்றுப் பழகிய பெரியவர். யாராவது விருந்தாளி வந்தால் சின்ன மாப்பிள்ளையை அறிமுகப்படுத்த அவருக்குப் பத்து வாக்கியம் தேவைப்படும். கார் விற்கிறார், இந்த மாடல், அந்த மாடல், போன மாதம் வெளிநாடு போய்வந்தார். மூத்த மாப்பிள்ளைக்கு வரும்போது, “இவர் கரண்டு சம்பந்தமா ஏதோ பண்றார்” என்று முடித்துவிடுவார். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் உட்கார்ந்தபின், “கை கழுவிட்டீங்களா மாப்பிள்ளை?” என்று அவரை மட்டும் கேட்பார். கல்யாணமான புதிதில் கேட்க ஆரம்பித்தது, மகள்கள் பிறந்து கல்லூரிக்குப் போன பிறகும் நிற்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய் இன்னொரு முறை கழுவிவிட்டு வருவார். மனைவி தட்டைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொள்வாள். அவளுக்கு அப்பாவையும் பிடிக்கும், புருஷனையும் பிடிக்கும், இரண்டு பேரையும் ஒரே மேஜையில் பார்க்கத்தான் பிடிக்காது.

இப்படி இருக்கையில் மாமனார் கடையை விற்றுவிட்டு, அந்தப் பள்ளத்துப் பக்கமே வந்து ஒரு வீடு கட்டினார். கட்டியபிறகுதான் அங்கே சாக்கடை இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஒரு நாள் தொலைபேசியில் மகளிடம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கு நேரம் இருக்குமா என்று கேட்டார். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. குழாய் வேலைக்குத் தன்னோடு எப்போதும் வரும் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு மறுநாளே போய் நின்றார். பிளம்பர் இவருக்கு நேரெதிர். நாள் முழுக்க நாலு வார்த்தைதான் பேசுவார், அதில் மூன்று ‘சரிண்ணே’. இரண்டு பேரும் சேர்ந்து அந்த வீட்டுக்கு இழைத்து இழைத்து வேலை செய்தார்கள். ஒரே பிரேக்கர், ஒரே குழாய், நூல் பிடித்த மாதிரி நேராக.

மாதங்கள் போயின. மணி அடிக்கவில்லை. எதிர்வீட்டு மணி வாரத்துக்கொருமுறை கூப்பாடு போட்டதால் மாமனாருக்குத் தன் வீட்டின் அமைதி நன்றாகவே காதில் விழுந்தது. புது வீட்டைப் பார்க்க உறவினர்களையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்தார். அறை அறையாகக் காட்டிக்கொண்டு வந்தவர், வெளிச்சுவரில் இருந்த பெட்டிக்கு முன்னால் நின்றார். உறவு மொத்தமும் பின்னால் நின்றது.

“இது என் மூத்த மாப்பிள்ளை செஞ்ச வேலை” என்றார். “நாங்க குடிவந்ததிலிருந்து ஒரு நாள் சத்தம் கேட்டதில்லை. கைராசி.”

மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எப்போதும் பேசுகிறவர் மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றார். தம்ளர்த் தட்டோடு வந்த மனைவி தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றாள். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் அவளுக்குக் கை காலியாக இல்லை.

அன்று மதியமே கீழ்த்தளக் குளியலறைக்குப் புது ஷூவோடு போன சகலை, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்தே கூட்டம் விலகி வழிவிட்டது. அவருக்குப் பின்னால் வாசற்படி தாண்டித் தண்ணீரும் வந்தது.

மூத்த மாப்பிள்ளை ஓடினார். குழி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. பெட்டியைப் பார்த்தார். சிவப்பு விளக்கு இல்லை, மணி இல்லை, உயிரே இல்லை. திறந்தால் பிரேக்கர் விழுந்து கிடந்தது. மேலே தூக்கினார். பம்ப் ஒரு முறை முனகியது, மணி ஒரு முறை கீச்சென்றது, பிரேக்கர் திரும்பவும் விழுந்தது, இரண்டும் ஒன்றாக அடங்கின. அந்த ஒரு கீச்சில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 

பம்பை வெளியே இழுத்தபோது குழந்தையைத் துடைக்கும் ஈரத்துணி ஒன்று அதன் விசிறியில் சுற்றியிருந்தது. விருந்துக்கு வந்த யாரோ ஒரு தாய் கழிப்பறையில் போட்டது. பம்ப் சிக்கிக்கொண்டது, கரண்டை அதிகமாக இழுத்தது, பிரேக்கர் விழுந்தது. அதுவரை எல்லாம் முறைப்படிதான். ஆனால் பம்ப் செத்தால் ஊரைக் கூட்ட வேண்டிய மணியும் அதே பிரேக்கரில் தொங்கிக்கொண்டிருந்ததால், அதுவும் கூடவே செத்துவிட்டது. இத்தனை வருஷமும் அவர் மிதவையைத் தூக்கி மணியைச் சோதித்ததெல்லாம் கரண்டு இருக்கும்போது. பம்பின் கரண்டை நிறுத்திவிட்டுச் சோதிக்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவர் வேலை பார்த்த வீடுகளிலும் எப்போதாவது தண்ணீர் திரும்பி வந்ததுண்டு. மழை என்றார்கள், விருந்தாளிகள் என்றார்கள். அவரே போய், “ஆமாம், மழைதான்” என்று சொல்லிவிட்டும் வந்திருக்கிறார்.

ஈரத் தரையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்து நின்ற மாமனாருக்குக் குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே இல்லை. பிளம்பரைத் தொலைபேசியில் பிடித்து, உறவினர் அத்தனை பேர் காதிலும் விழும்படி வெளுத்து வாங்கினார். குழாய் போடத் தெரியாதவனெல்லாம் எதற்கு இந்தத் தொழிலுக்கு வருகிறான் என்று கேட்டார். வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை வேலையில ஒரு குத்தமும் இல்லை. பாருங்க, இவ்வளவு நடந்தும் மணி அடிக்கல.”

மாப்பிள்ளை அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டார்.  ஆனால் பிளம்பருடைய ‘சரிங்க, சரிங்க’ அந்தத் தொலைபேசியிலிருந்து அவர் காதிலும் விழுந்திருந்தது. கூட்டம் கலைந்ததும் மாமனாரைத் தனியாகப் பிடித்தார்.

“மாமா, பிளம்பர் மேல தப்பில்லை. மணி அடிச்சிருக்கணும். அடிக்காதது என் தப்பு.”

மாமனார் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, கல்யாணத்தன்றுகூடச் செய்யாத ஒரு காரியம் செய்தார். தோளில் கைபோட்டார். அடுத்தவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற ஆள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் என்று நெகிழ்ந்தார். மாப்பிள்ளை விடவில்லை. பெட்டியைத் திறந்து, ஒயரைத் தொட்டுக் காட்டி, இது இங்கே போகிறது, அது அங்கே போகிறது என்று விளக்கினார். விளக்க விளக்கப் பெரியவரின் கண்கள் பனித்தன. இவ்வளவு அடக்கம் கூடாது என்று சொல்லிவிட்டு, ஷூவைக் காயவைத்துக்கொண்டிருந்த சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, மூத்தவரைப் பார்த்து நாலு நல்ல பழக்கம் கற்றுக்கொள்ளச் சொன்னார். மூத்த மாப்பிள்ளை வாழ்க்கையில் உண்மையைச் சொல்லி இவ்வளவு பாராட்டு வாங்கியதில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவளுக்கு ஒயர் விவகாரம் தெரியாது, ஆனால் ஒரே மூச்சில் புரிந்துகொண்டாள். நம் வீட்டில் எப்படி என்றுதான் முதலில் கேட்டாள். நம் வீட்டிலும் அப்படியேதான் என்றார். நீங்கள் வேலை பார்த்த மற்ற வீடுகளில்? அங்கேயும்.  

“எல்லா வீட்டையும் மாத்திடணும்” என்றார் அவர். “மணிக்குத் தனி பிரேக்கர், தனி லைன். உங்க அப்பா வீட்டிலயும்.”

“மத்த வீட்டை மாத்துங்க” என்றாள் அவள். “அப்பா வீட்டை மட்டும் விட்டுடுங்க. தனி லைன் போட்டா மணி அடிக்கும். அங்க வர்றவங்க கண்டதையும் போடறாங்க, கண்டிப்பா அடிக்கும். அடிச்சா அப்பா என்ன சொல்வார்னு உங்களுக்கே தெரியும். அவர் வாயிலிருந்து உங்களைப் பத்தி அந்த ஒரு வார்த்தை வர நான் பாதி ஆயுசு காத்திருந்தேங்க. வாரா வாரம் நானே போய் அந்த பிரேக்கரைப் பாத்துட்டு வர்றேன். விழுந்திருந்தா தூக்கி விட்டுடறேன். எப்படித் தூக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க.”

அவர் சொல்லிக்கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை. அந்த வார்த்தை அவளுக்கு மட்டுமா இனித்தது?

மறுநாள் பிளம்பர் வீட்டுக்குப் போனார். பிளம்பர் பகலில் வீட்டிலேயே இருந்தார், அதுவே சேதி சொன்னது. மாமனார் வரிசையில் இருந்த வீடுகளுக்கெல்லாம் போய், இந்தப் பிளம்பரைக் கூப்பிட வேண்டாம் என்று எச்சரித்துவிட்டிருந்தார். இவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பிளம்பர் கேட்டு முடித்தார்.

“இதை உங்க மாமனார்கிட்ட சொன்னீங்களாண்ணே?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“என்னைப் பாராட்டினாரு.”

வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். பிளம்பர் சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, எந்த வீட்டில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டார்.

இரண்டு பேரும் வீடு வீடாகப் போனார்கள். அவர் வாசலில் நின்று, தான் செய்த வேலையில் தவறு இருக்கிறது, இனாமாகச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்வார். நல்லா இருக்கிறதை எதற்குத் தொடவேண்டும் என்று பலர் கதவை அடைத்தார்கள். அவர் பேச்சுக்குத்தான் குறைச்சல் இல்லையே, பேசிப் பேசித் திறக்கவைத்தார். தனி பிரேக்கர் வந்தது, இரண்டாவது குழாய் வந்தது, சுவர் அலங்கோலமானது. கூடவே மணிகளும் வாயைத் திறந்தன. பம்பில் நூல் சிக்கினால் அடித்தன, பெட்டிக்குள் ஈரம் புகுந்து பிரேக்கர் விழுந்தால் அடித்தன. அடித்த வீடு ஒவ்வொன்றிலும் தண்ணீர் உள்ளே வருவதற்கு முன்பே அவர் போய் நின்றார், எந்தக் குளியலறையும் நனையவில்லை. ஆனால் நனையாத குளியலறையை யார் பார்த்தார்கள்? மணி அடித்ததைத்தான் எல்லோரும் கேட்டார்கள். பாவம், வயசாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. இன்னொரு எலக்ட்ரீஷியன் வந்து மணியின் ஒயரையே வெட்டிவிடுவதாகவும், அவர் கைவைத்த வீடுகளில் சத்தமே வராது என்றும் கேள்வி. அந்த ஆளுக்கு வேலை குவிந்தது.

மாமனார் வீட்டில் மட்டும் பழைய அமைதி. வாரா வாரம் மகள் அப்பாவைப் பார்க்க வந்தாள். இப்படி அக்கறையாக மகள் வருவதைக் கண்டு பெரியவர் பூரித்தார். இவள் பேச்சோடு பேச்சாக வெளியே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருவாள். பல வாரம் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் பிரேக்கர் விழுந்து கிடந்தது. குழி மூடியின் சந்து வழியாக எட்டிப் பார்த்தாள். தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறினால் வீட்டுக்குள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கீழ்த்தள அறையில், முழங்கால் வலி என்று மாடியை விட்டு இறங்கி வந்திருந்த அப்பா கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்குக் கீழே அவருடைய செருப்பு, மருந்துப் பெட்டி, தரையோடு தரையாக ஓடிய மின்விசிறியின் ஒயர். அவள் பிரேக்கரைத் தூக்கினாள். நல்லவேளை, பம்ப் ஓடியது. தண்ணீர் இறங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு வரலாம் என்று அன்று காலையில் நினைத்தது ஞாபகம் வந்தபோது அழுதுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “போய் மாத்திட்டு வாங்க” என்றாள்.

“அப்பா…”

“அப்பா உயிரோட இருந்து திட்டட்டும்.”

மாற்றினார். சில நாளில் மணி அடித்தது. பட்டப்பகலில், தெருவே வாசலுக்கு வரும்படி அடித்தது. மாமனார் மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினார். மாப்பிள்ளை கைவைத்ததிலிருந்துதான் இப்படி, நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டார் என்றார். மகள் பதறவில்லை. அடிக்கட்டும் அப்பா, அடிக்கத்தான் வைத்திருக்கிறது, அவர் கிளம்பிவிட்டார் என்றாள்.

அவர் போய்ச் சேர்ந்தபோது பிளம்பர் அங்கே முன்பே இருந்தார். மாமனாரேதான் கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளையை நம்பிப் பயனில்லை என்றானபின், மனுஷருக்குக் கண்ணில் பட்ட அடுத்த ஆள் அவர்தான். இரண்டு பேரும் பம்பைத் தூக்கினார்கள். மறுபடியும் ஒரு ஈரத்துணி. எடுத்துப் போட்டு, பம்பை இறக்கி, பம்பின் பிரேக்கரைத் தூக்கினார்கள். தண்ணீர் இறங்கியது, மணி ஓய்ந்தது. மாப்பிள்ளை உள்ளே போய்க் கீழ்த்தளக் குளியலறையை எட்டிப் பார்த்தார். தரை வெயிலில் காய்ந்த துணிபோல் இருந்தது. ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு அழகான தரையை அவர் பார்த்ததில்லை.

வெளியே மாமனார் பிளம்பரிடம், அன்று கோபத்தில் ஏதோ பேசிவிட்டதாகவும், இனி இந்த வீட்டு வேலை முழுக்க அவர்தான் பார்க்க வேண்டும் என்றும், வரிசை வீட்டுக்காரர்களிடமும் தானே சொல்லிவிடுவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். பிளம்பர் மாப்பிள்ளையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை வேண்டாம் என்று தலையசைத்தார். பிளம்பர், “சரிங்க” என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு, சாமான்களை எடுத்துக்கொண்டு போனார்.

மாமனார் காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்தார். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே மனசு நொந்துபோயிருந்தார்.

“உங்களைப் பத்தி எத்தனை பேர்கிட்டப் பெருமையா சொல்லி வச்சிருந்தேன் மாப்பிள்ளை. இனிமே கேட்டா அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?”

எதற்கும் ஒரு மணி நேரம் பதில் சொல்லக்கூடிய மனுஷர், கையிலிருந்த அழுக்கைத் துடைத்துக்கொண்டு, அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“மணி அடிச்சுதுன்னு சொல்லுங்க மாமா.”